தொடக்கநிலை மாணவர்களுக்குப் பட்டியலை எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது?

கேள்வி

நிரலாக்கத்தை முதன்முதலாகக் கற்கும் ஒரு சிறு குழுவுக்குப் பைத்தான் மொழியைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மாறிகள், உள்ளீடு பெறுதல், நிபந்தனைக் கூற்று, மடக்கு ஆகியவை முடிந்துவிட்டன. அவற்றில் யாருக்கும் பெரிய தடுமாற்றம் இல்லை. இப்போது பட்டியலுக்கு வந்திருக்கிறோம். கையிலுள்ள பாடத்திட்டம், சதுர அடைப்புக்குறிக்குள் மதிப்புகளைக் காற்புள்ளியிட்டு எழுதினால் அது பட்டியல் என்று வரையறுத்துவிட்டு, இறுதியில் சேர்க்க அப்பெண்ட், இடையில் செருக இன்சர்ட், நீக்க ரிமூவ், பாப், வரிசைப்படுத்த சார்ட் என்று ஒவ்வொரு செயற்கூறாகக் காட்டிச் செல்கிறது. கேட்டால் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஒரு புதிய கணக்கைக் கொடுத்தால், அதற்குப் பட்டியல் வேண்டுமா வேண்டாமா என்பதையே அவர்களால் முடிவு செய்ய இயலவில்லை. சிலர் இரண்டு எண்களைக் கூட்டுவதற்கும் பட்டியல் அமைக்கிறார்கள்; வேறு சிலர் இருபது மாறிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு அலுத்துப்போய் நிற்கிறார்கள்.

எந்த எடுத்துக்காட்டிலிருந்து தொடங்கினால் பட்டியலின் தேவை அவர்களுக்குத் தானாகவே விளங்கும் என்பது என் முதல் ஐயம். பட்டியலில் ஓர் உறுப்பின் இடத்தைக் குறிக்கும் சுட்டெண் ஏன் 0-வில் தொடங்குகிறது என்பதற்கு என்ன விளக்கம் கொடுப்பது என்பது இரண்டாவது. குழுவில் சிலர் முன்பே ஸ்கிராட்ச் என்ற நிரலாக்க மொழியில் பழகியவர்கள். அங்கே பட்டியலின் முதல் உறுப்புக்கு எண் 1 என்பதால், இங்கே ஒவ்வொரு முறையும் ஓர் இடம் தள்ளிப்போகிறார்கள். ஒரே பட்டியலை இரண்டு பெயர்கள் குறிக்கக்கூடும் என்பதை எப்போது சொல்வது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

பட்டியலின் இலக்கணத்தைச் சொல்வதற்கு முன்பு, பட்டியல் இல்லாமல் எழுத முடியாத ஒரு நிரலை அவர்கள் முன் வையுங்கள். எந்த நிரல் என்பதில்தான் கவனம் வேண்டும். பலரும் எடுத்துக்கொள்வது சராசரிக் கணக்கு; அது இதற்குப் பொருந்தாது. எண்கள் ஒவ்வொன்றாக வர வர, ஒரு மாறியில் கூட்டுத்தொகையையும் இன்னொன்றில் எண்ணிக்கையையும் வைத்துக்கொண்டு போனால், கடைசியில் வகுத்துவிடலாம். வந்த எண்களை நினைவில் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பெரிய எண்ணைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். கூர்மையான மாணவர் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டினால், பட்டியலுக்காக நீங்கள் சொன்ன நியாயம் அங்கேயே விழுந்துவிடும்.

அதே கணக்கை ஒரு படி நீட்டுங்கள். வந்த மதிப்பெண்களில் சராசரிக்கு மேற்பட்டவை எத்தனை என்று கேளுங்கள். இப்போது நிலைமை மாறிவிடுகிறது. கடைசி எண் வந்து சேரும் வரை சராசரி எவ்வளவு என்று தெரியாது. சராசரி தெரிந்த பிறகோ, முதல் எண் கையில் இல்லை. எல்லாவற்றையும் பயனர் இரண்டாம் முறை தட்டச்சு செய்யட்டும் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அதைத் தவறான விடை என்று தள்ளாதீர்கள். தரவுகளின் ஊடாக இரண்டு முறை நடக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். இரண்டாவது நடைக்குப் பயனரைத் தொல்லைப்படுத்தாமல் இருப்பதற்குத்தான் பட்டியல்.

மதிப்பெண்கள் = [72, 45, 90, 61, 38]

இவற்றின் கூட்டுத்தொகை 306, சராசரி 61.2, அதற்கு மேற்பட்டவை இரண்டுதான். 61 என்ற எண்ணை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன், ஏனெனில் சராசரியை முழு எண்ணாக வெட்டிவிட்டு, ‘அதற்குச் சமமானதும் சேரும்’ என்று நிபந்தனை எழுதுபவருக்கு விடை மூன்றாக வந்து நிற்கும். (மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் இடுவதைப் பைத்தான் 3 ஏற்றுக்கொள்கிறது, தொடக்கத்தில் இது பலருக்கும் மனத்தடையைக் குறைக்கிறது.)

இந்த நிரலை எழுதுவதற்கு வெற்றுப் பட்டியலை உருவாக்குவது, அப்பெண்ட் கொண்டு இறுதியில் சேர்ப்பது, லென் கொண்டு நீளம் அறிவது, ஃபார் மடக்கால் ஒவ்வோர் உறுப்பாக எடுப்பது ஆகிய நான்கும் போதும். சுட்டெண்ணே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்சர்ட்டும் பாப்பும் தேவைப்படும் கணக்கு வரும்போது அவற்றைச் சொன்னால் போதுமானது; தேவைக்கு முன்னால் வரும் செயற்கூறு மனப்பாடமாகத்தான் தங்கும்.

பட்டியல் வேண்டுமா என்று முடிவு செய்ய அவர்களுக்கு ஒரு கேள்வியைப் பழக்கிவிடுங்கள்: ‘இந்த மதிப்பைப் பயன்படுத்திய பிறகு, இது மறுபடியும் எனக்குத் தேவைப்படுமா?’ தேவைப்படாது என்றால் ஒரு மாறி போதும். உள்ளீட்டைத் தலைகீழ் வரிசையில் அச்சிடுவது, வந்த எண் முன்பே வந்திருக்கிறதா என்று பார்ப்பது போன்ற பயிற்சிகளை, பட்டியல் தேவைப்படாத கணக்குகளோடு கலந்து கொடுத்தால், நீங்கள் சொன்ன இரண்டு வகைத் தடுமாற்றங்களும் குறையும்.

மறுமொழி 2

சுட்டெண் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

0 என்பதை ‘கணினி அப்படித்தான் எண்ணும்’ என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அது உண்மையன்று. ஃபோர்ட்ரான் மொழியில் இயல்பாகவே 1-இலிருந்து தொடங்கும்; லுவா மொழியின் வழக்கமும் 1; ஸ்கிராட்சும் அப்படியே. ஆக, இது மொழியை வடிவமைப்பவர் எடுக்கும் முடிவு, அந்த முடிவுக்குக் காரணம் இருக்கிறது என்று சொல்வதுதான் நேர்மை. ஸ்கிராட்ச் பழகியவர்கள் அங்கே கற்றது தவறு என்று எண்ணிவிடக் கூடாது.

சுட்டெண்ணை வரிசை எண்ணாகப் பார்க்காமல், தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளிப் போக வேண்டும் என்ற அளவாகப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் உறுப்பு தொடக்கத்திலேயே இருக்கிறது; ஆகவே தள்ள வேண்டிய இடம் 0. நினைவகத்தில் நடப்பதும் இதுதான். ஓர் உறுப்பின் இருப்பிடத்தை அறிய, தொடக்க முகவரியோடு சுட்டெண்ணையும் ஓர் இடத்தின் அளவையும் பெருக்கிக் கூட்டுகிறார்கள். 64 பிட் கணினியில் பைத்தான் பட்டியலின் ஓர் இடத்துக்கு 8 பைட் என்பதால், சுட்டெண் 5-இல் உள்ளதை அடைய 40 பைட் தாண்டினால் போதும்.

இதைவிட வலுவான காரணம் எல்லைகளை எழுதும் முறையில் இருக்கிறது. கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982-இல் எழுதிய ஒரு சிறு குறிப்பில், தொடக்க எல்லையைச் சேர்த்தும் முடிவு எல்லையைச் சேர்க்காமலும் எழுதுவதே சிறந்தது என்று வாதிட்டார். ‘எண்கள்’ என்ற பட்டியலிலிருந்து ஒரு துண்டை எடுக்க எண்கள்[2:5] என்று எழுதினால் 2, 3, 4 ஆகிய சுட்டெண்களில் உள்ள உறுப்புகள் கிடைக்கும். 5-இலிருந்து 2-ஐக் கழித்தால் எத்தனை உறுப்புகள் என்பது வந்துவிடுகிறது. எண்கள்[:3], எண்கள்[3:] ஆகிய இரண்டையும் சேர்த்தால் எதுவும் விடுபடாமல், எதுவும் இருமுறை வராமல் முழுப் பட்டியலும் திரும்பக் கிடைக்கும். இந்த முறையில் 1-இலிருந்து தொடங்கினால், n உறுப்புகளுக்கு மேல் எல்லையாக n + 1 என்று எழுத வேண்டியிருக்கும். 0-விலிருந்து தொடங்கினால் நீளமே மேல் எல்லையாகிவிடுகிறது. மடக்குக்குத் தொடர் எண்களைத் தரும் ரேஞ்ச் செயற்கூறும் இதே ஒழுங்கில்தான் இயங்குகிறது என்பதால், இரண்டையும் ஒரே அமர்வில் காட்டுவது நல்லது.

எதிர்ம சுட்டெண்ணைச் சற்றுத் தாமதித்துச் சொல்லுங்கள். எண்கள்[-1] என்பது கடைசி உறுப்பைத் தருவது மிகவும் வசதியானதுதான். ஆனால் அடுத்தடுத்த உறுப்புகளை ஒப்பிடும் பயிற்சியில் எண்கள்[இடம் - 1] என்று எழுதிவிட்டு மடக்கை 0-விலிருந்து தொடங்கும் மாணவருக்குப் பிழைச்செய்தி எதுவும் வராது. முதல் உறுப்பு ஓசையில்லாமல் கடைசி உறுப்போடு ஒப்பிடப்படும், விடை மட்டும் சில நேரங்களில் தவறாக வரும். எல்லை தாண்டினால் பைத்தான் எச்சரிக்கும் என்று நம்பிப் பழகியவரை ஏமாற்றும் இடம் இது. துண்டாக எடுக்கும்போதும் அந்த எச்சரிக்கை கிடையாது. ஐந்து உறுப்புகள் உள்ள பட்டியலில் எண்கள்[2:100] என்று கேட்டால், இருப்பதைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருந்துவிடும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சராசரிக்கு மேற்பட்டவை எத்தனை என்ற கணக்கையே அடுத்த வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன். குழுவில் எழுந்த இரண்டு கேள்விகளையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். ஒருவர் இரட்டைப்படை எண்களை நீக்குவதற்காக [2, 4, 6, 7] என்ற பட்டியலின் மீது ஃபார் மடக்கை ஓட்டி, உள்ளேயே ரிமூவ் எழுதினார்; 4 மட்டும் நீங்காமல் இருந்துவிட்டது. இன்னொருவர் சார்ட் செய்ததன் விளைவை அதே மாறியில் சேமித்தார். பட்டியல் காணாமல் போய், நன் என்று மட்டும் வந்தது. இரண்டையும் ‘இப்படி எழுதக் கூடாது’ என்று விதியாகச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை.

மறுமொழி 3

முதலாவதைக் கரும்பலகையில் நடத்திக் காட்டினால் போதும், விதி தேவைப்படாது. மடக்கு உள்ளுக்குள் ஓர் இட எண்ணை வைத்துக்கொண்டு நகர்கிறது. இடம் 0-வில் 2 இருக்கிறது; அதை நீக்கியவுடன் மற்றவை ஓர் இடம் முன்னே வந்து [4, 6, 7] ஆகிவிடுகிறது. மடக்கு அடுத்து இடம் 1-ஐப் பார்க்கிறது. அங்கே இருப்பது 6. அதுவும் நீங்கியதும் [4, 7] மிஞ்சுகிறது. இடம் 2 என்று ஒன்று இல்லாததால் மடக்கு முடிந்துவிடுகிறது. 4-ஐ அது பார்க்கவேயில்லை. இதே நிரலுக்கு [2, 3, 4, 7] என்ற பட்டியலைக் கொடுத்தால் [3, 7] என்று சரியான விடை வரும், ஏனெனில் தாவப்பட்ட உறுப்பு தற்செயலாக ஒற்றைப்படை எண்ணாக அமைந்துவிடுகிறது. இந்தச் சோதனையையும் அவர்களைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். ஒரு முறை சரியாக ஓடியதால் நிரல் சரி என்று ஆகிவிடாது என்பதை இவ்வளவு சிறிய நிரலில் காட்டும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது. தீர்வு எளிது: வேண்டாதவற்றை நீக்குவதற்குப் பதிலாக, வேண்டியவற்றைப் புதிய பட்டியலில் சேர்த்துக்கொண்டு போவது.

சார்ட் பற்றிய கேள்விக்கு, பட்டியலின் மீது இயங்குபவற்றை இரண்டு வகையாகப் பிரித்துச் சொல்லலாம். சார்ட், அப்பெண்ட், இன்சர்ட், ரிமூவ், ரிவர்ஸ் ஆகியவை இருக்கும் பட்டியலையே மாற்றிவிட்டு, எதையும் திருப்பித் தருவதில்லை. அந்த ‘எதையும் இல்லை’ என்பதைத்தான் நன் குறிக்கிறது. சார்ட்டட் செயற்கூறோ, மூலப் பட்டியலைத் தொடாமல் வரிசைப்படுத்திய புதிய பட்டியலைத் தருகிறது. மாற்றுபவை எதையும் தருவதில்லை என்ற இந்த ஒழுங்கைப் பைத்தான் பெரும்பாலும் காப்பாற்றுகிறது. பாப் மட்டும் விதிவிலக்கு. அது பட்டியலையும் மாற்றும், நீக்கிய உறுப்பையும் கையில் கொடுக்கும்.

அப்பெண்டில் இன்னொரு வழுக்கலும் உண்டு. அதற்கு ஒரு பட்டியலையே கொடுத்தால், [1, 2, 3, [4, 5]] என்று அந்தப் பட்டியல் ஒரே உறுப்பாக உள்ளே போய் உட்காரும். உறுப்புகளைத் தனித்தனியாகச் சேர்க்க எக்ஸ்டெண்ட் இருக்கிறது.

மறுமொழி 4

ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர்கள் என்ற கேள்வி விடுபட்டுப் போயிற்று. என்னைக் கேட்டால் பட்டியல் பாடத்தின் மையமே அதுதான், அதைத் தள்ளிப்போடக் கூடாது. இத்தனை நாள் ‘மாறி என்பது மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டி’ என்று சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். எண்களோடு நின்றவரை அந்தப் படம் கெடவில்லை. கீழுள்ள மூன்று வரிகளில் அது உடைந்துபோகிறது.

முதல் = [1, 2, 3]
இன்னொன்று = முதல்
இன்னொன்று[0] = 99

இப்போது ‘முதல்’ என்பதை அச்சிட்டால் [99, 2, 3] என்று வரும். பெட்டி என்ற படத்தை வைத்துக்கொண்டு இதை விளக்க முடியாது, ஏனெனில் ஒரு பெட்டியில் இருப்பதை மாற்றினால் அடுத்த பெட்டி ஏன் மாற வேண்டும்? பைத்தானில் சமக்குறி எதையும் நகலெடுப்பதில்லை. வலப்பக்கம் இருக்கும் பொருளுக்கு இடப்பக்கப் பெயரைச் சூட்டுகிறது, அவ்வளவுதான். இரண்டாம் வரியில் ஏற்கனவே ஒரு பெயர் இருந்த பட்டியலுக்கு இன்னொரு பெயர் கிடைத்தது, பட்டியல் ஒன்றேதான். மூன்றாம் வரி எந்தப் பெயரையும் மாற்றவில்லை, அந்த ஒரே பட்டியலின் உள்ளே ஓரிடத்தை மாற்றியது. தனி நகல் வேண்டும் என்றால் இன்னொன்று = முதல்[:] என்று எழுத வேண்டும், அல்லது காப்பி செயற்கூறைப் பயன்படுத்த வேண்டும்.

‘இன்னொன்று’ என்ற பெயருக்கு [7, 8] என்ற புதிய பட்டியலைச் சூட்டினால் ‘முதல்’ மாறுமா என்று உடனே கேளுங்கள். மாறாது. பெயரை வேறு பொருளுக்குச் சூட்டுவதும், பொருளின் உட்புறத்தை மாற்றுவதும் வெவ்வேறு செயல்கள் என்று பிடிபட்டுவிட்டால், பட்டியலைச் செயற்கூறுக்கு அனுப்பும்போது அழைத்த இடத்திலுள்ள பட்டியலும் ஏன் மாறுகிறது என்பதைத் தனிப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. எழுத்துச் சரங்களிலும் எண்களிலும் இந்தச் சிக்கல் ஏன் தெரியவில்லை என்று கேட்பார்கள். அவற்றின் உட்புறத்தை மாற்றவே முடியாது என்பதுதான் விடை.

மறுமொழி 1 எழுதியவர்

மேலே சொன்னதன் முக்கியத்துவத்தில் எனக்கு மாறுபாடு இல்லை, காலத்தில்தான் மாறுபாடு. முதல் வகுப்பில் அவர்கள் எழுதும் நிரல்களில் ஒரு பட்டியலுக்கு ஒரே பெயர்தான் இருக்கும். இல்லாத சிக்கலுக்கு விளக்கம் கொடுத்தால், அதுவும் மனப்பாடக் கணக்கில் சேர்ந்துவிடும். பட்டியலை ஏற்கும் செயற்கூறு ஒன்றை அவர்களே எழுதும் நாளில் இது தானாக எதிர்ப்படும், அன்று சொல்லலாம்.

மறுமொழி 4 எழுதியவர்

விளக்கத்தை வேண்டுமானால் அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெட்டி என்ற சொல்லை முதல் வகுப்பிலிருந்தே விட்டுவிட்டு, ‘இந்தப் பெயர் இந்தப் பட்டியலைக் குறிக்கிறது’ என்றே பேசிப் பழகினால், அந்த நாளில் பழைய படத்தை அழிக்கும் வேலை மிச்சமாகும்.

கேட்டவர்

அந்த ஏற்பாடு எனக்குப் பொருந்துகிறது. கடைசியாக ஒன்று. பயிற்சியின் முடிவில் மூன்றுக்கு மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு சிறு விளையாட்டை எழுதவைக்க எண்ணியிருக்கிறேன். கட்டம் = [[0] * 3] * 3 என்று அமைப்பதை அவர்களுக்குக் காட்டலாமா? பட்டியலின் முன்பக்கத்தில் சேர்ப்பது மெதுவானது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே சொல்ல வேண்டுமா?

மறுமொழி 4 எழுதியவர்

காட்டலாம், ஆனால் அது தவறாக இயங்குவதைக் காட்டுவதற்காக மட்டும். அதன்பின் கட்டம்[0][0] = 1 என்று எழுதி அச்சிட்டால் [[1, 0, 0], [1, 0, 0], [1, 0, 0]] என்று மூன்று வரிசைகளிலும் 1 வந்து நிற்கும். வெளியே உள்ள பெருக்கல் குறி மூன்று வரிசைகளை உருவாக்கவில்லை. ஒரே வரிசையை மூன்று இடங்களில் குறித்து வைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் [0] * 3 என்பதில் தவறு இல்லை, ஏனெனில் 0 என்ற எண்ணின் உட்புறத்தை யாரும் மாற்ற முடியாது. இரண்டு பெயர்கள் பற்றிய பாடம் முடிந்த பிறகு இதைக் கொடுத்து, காரணத்தை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பது தெரிந்துவிடும். விளையாட்டுக்கு, வெற்றுப் பட்டியலில் தொடங்கி, மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒரு [0] * 3 அமைத்து அப்பெண்ட் செய்வதே தெளிவான வழி.

மறுமொழி 3 எழுதியவர்

வேகத்தைப் பற்றி இப்போது ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. பைத்தான் பட்டியல் நினைவகத்தில் அடுத்தடுத்த இடங்களில் அமைவதால், முன்பக்கத்தில் ஒன்றைச் செருகினால் மற்ற அனைத்தையும் ஓர் இடம் நகர்த்த வேண்டியிருக்கிறது. பின்பக்கத்தில் சேர்க்கும்போது அப்படியில்லை, ஏனெனில் பட்டியல் நிரம்பும்போதெல்லாம் சற்றுக் கூடுதலான இடத்தை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஜான் மெக்கார்த்தி 1958-இல் உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழியின் பட்டியல் இதற்கு நேர்மாறானது. ஒன்று அடுத்ததைச் சுட்டும் கண்ணிகளின் தொடராக அமைந்திருப்பதால், முன்பக்கத்தில் சேர்ப்பது அதில் மிக எளிது. நடுவிலுள்ள ஓர் உறுப்பை அடைய ஒவ்வொரு கண்ணியாக நடக்க வேண்டும். ஒன்பது கட்டங்கள் கொண்ட விளையாட்டில் இந்த வேறுபாடு எதுவும் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. பல்லாயிரம் உறுப்புகளை இரு முனைகளிலும் சேர்த்து நீக்கும் நிரல் வரும்போது டெக் என்ற அமைப்பையும், ‘இது முன்பே வந்திருக்கிறதா’ என்று திரும்பத் திரும்பத் தேடும் நிரல் வரும்போது செட் என்ற அமைப்பையும் காட்டலாம்.